துப்பக் கற்றுக்கொள்ளும் படிப்பு

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் திராட்சை வளர்ப்பும் ஒயின் தயாரிப்பும் முதுகலையாகப் படிக்கிறேன் என்று சொன்னால், நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி "அப்போ நிறையக் குடிக்கணுமா?" என்பதுதான். துப்பத்தான் வேண்டும். சுவைப்பு வகுப்பில் துப்புவதற்கென்றே ஆளுக்கொரு கோப்பை வைத்திருப்பார்கள். காலையில் வரிசையாக வைத்ததையெல்லாம் விழுங்கினால் மதியம் ஆய்வகத்தில் பியூரெட்டைப் பிடிக்கக் கை நிற்காது. அம்மாவிடம் "உணவு வேதியியல் மாதிரிம்மா" என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய்யில்லை. சர்க்கரை, அமிலம், ஈஸ்ட், கந்தக டை ஆக்சைடு என்றே பாதிப் பாடம் போகிறது. சாற்றின் சர்க்கரையை இங்கே போமே என்ற அளவில் சொல்வார்கள். ஒரு போமே நொதித்தால் ஏறக்குறைய ஒரு சதவீத ஆல்கஹால். 13 போமேயில் பறித்த பழம் எங்கே போய் நிற்கும் என்று தோட்டத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம்.

வந்து இறங்கும் நேரம்தான் சிக்கல். தென்கோளத்தில் அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. கல்வியாண்டும் அப்போதே தொடங்குகிறது. வாடகைக்கு அறை தேடும் அதே வாரத்தில் ரப்பர் பூட்ஸ் வாங்க வேண்டும். வெயிலுக்குப் பயந்து இயந்திர அறுவடையை இரவில் செய்வார்கள். ஆலையில் ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம். மாணவர் விசாவில் வகுப்புக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. நான்கு ஷிப்டில் கணக்குத் தீர்ந்தது.

தோட்டத்துக்குள் நுழையும் முன் காலணியைக் குளோரின் கரைசலில் முக்கி எடுக்கச் சொல்வார்கள். வேரைத் தின்னும் ஃபில்லோக்ஸெரா பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் இன்னும் வரவில்லை. அதனால்தான் இங்குள்ள பரோசா என்ற ஒயின் பகுதியில் 1843-இல் நட்ட ஷிராஸ் என்னும் கருந்திராட்சைக் கொடிகள் இன்றும் ஒட்டுப் போடாத சொந்த வேரில் காய்க்கின்றன. அதைக் கேட்ட பிறகு யாருக்கும் காலணி கழுவச் சலிப்பு வராது. இன்னொரு விதி, நொதிக்கும் தொட்டிக்குள் தலையை நீட்டக் கூடாது. அங்கே தேங்கும் கரியமில வாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும்.

எனக்கு உண்மையில் அந்நியமாக இருந்தது மணங்கள்தான். பிளாக்கரன்ட், கூஸ்பெரி, ராஸ்பெரி என்று வகுப்பில் சொல்லிக்கொண்டே போவார்கள். எல்லாம் குளிர்நாட்டுப் பிள்ளைகள் தின்று வளர்ந்த பழங்கள். நான் அவற்றைக் கடையில் வாங்கி வந்து, பரீட்சைக்குப் படிப்பதுபோல முகர்ந்து மனப்பாடம் செய்தேன்.

மசாலா பக்கம் வந்ததும் நிலைமை தலைகீழ். மஸ்கட் திராட்சையின் மணத்துக்குக் காரணமான லினலூல்தான் கொத்தமல்லி விதையிலும் இருக்கிறது. ஓக் பீப்பாய் தருகிற யூஜினால் கிராம்பின் மணம். ஷிராஸில் வரும் மிளகு வாசனை ரொட்டண்டோன் என்ற சேர்மத்தால் வருவது, மிளகிலும் அதேதான். அதை 2008-இல் கண்டறிந்து வெளியிட்டது இங்கேயே உள்ள ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனம். ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் எட்டவே எட்டாதாம்.

பரோசாவிலேயே பிறந்து வளர்ந்த என் வகுப்புத் தோழன் அந்த ஐந்தில் ஒருவன். மிளகு இருக்கிறதா என்று என்னிடம் கோப்பையை நீட்டுவான். பதிலுக்கு, கூஸ்பெரி எது என்று நான் அவனிடம் கேட்டுக்கொள்கிறேன்.