ஈபி ஸ்டடி மேஜையில் படுத்துக்கொண்டு பார்த்தவை

ஈபி ஸ்டடி என்றால் இதயத்துக்குள் மெல்லிய கம்பிகளை விட்டு அதன் மின் சிக்னல்களைப் பார்க்கும் சோதனை. எனக்கு இருந்தது எஸ்விடி, கீழறைக்கு மேலே கிளம்பும் வேகத்துடிப்பு. படபடப்பு திடீரென்று கிளம்பும், நிமிடத்துக்கு 190 வரை ஓடும், வந்த மாதிரியே சட்டென்று நிற்கும். ஒருமுறை தானாக நிற்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கே அடினோசின் என்ற மருந்தை ஊசியாகப் போட்டார்கள். நெஞ்சு இறுகி, மானிட்டரில் ஓரிரு நொடி கோடு நேராக ஓடியது. அந்த நொடிகள் நரகம்தான். அப்புறம் துடிப்பு சீரானது.

ஒரு ஊசி எப்படி இதயத்தையே நிறுத்தித் தொடங்க வைக்கிறது என்று பின்னர் டாக்டரிடம் கேட்டேன். இதயம் முழுக்க ஒரே மாதிரி செல்கள் இல்லையாம். கீழறைத் தசைச் செல் -90 மில்லிவோல்ட்டில் அமைதியாகக் காத்திருக்கும். தூண்டுதல் வந்தால் சோடியம் உள்ளே பாய்ந்து ஒரு நொடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்கிலேயே மின்னழுத்தம் எகிறிவிடும். துடிப்பைத் தொடங்கி வைக்கும் எஸ்ஏ நோடின் செல்லுக்கு அந்த அமைதியே கிடையாது. -60 பக்கம் இறங்கியதும் தானாகவே மெல்ல ஏறத் தொடங்கி, கால்சியத்தின் துணையோடு அடுத்த துடிப்பைக் கிளப்பும். மேலறையிலிருந்து கீழறைக்குச் சிக்னலைக் கடத்தும் ஏவி நோடும் கால்சியத்தை நம்பியதுதான். அதனால்தான் அதன் வழியே சிக்னல் நிதானமாகப் போகிறது. மேலறை ரத்தம் கீழறைக்கு இறங்க அவகாசம் கிடைக்கிறது. அடினோசின் அந்த நோடைக் கொஞ்ச நேரம் மடக்கிப் போடுகிறது, என் படபடப்பு, சிக்னல் ஒரு வட்டத்தில் சுற்றிச் சுற்றி ஓடுவதால் வந்தது; அந்தச் சுழற்சி அதன் வழியாகத்தான் ஓடியது என்பதால் அறுந்துபோனது.

சரி, ஈபி ஸ்டடி. துடிப்பை மட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கர் மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொன்னார்கள். அது உள்ளே இருந்தால் படபடப்பைக் கிளப்பிப் பார்க்க முடியாது. தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி, அங்குள்ள ரத்தக்குழாய் வழியாக இதயம் வரை மெல்லிய கம்பி போன்ற கதீட்டர்கள். அவை போவது தெரியவே இல்லை.

திரையில் ஒவ்வொரு துடிப்புக்கும் மூன்று குறிகள்: மேலறைக்கு ஏ, ஏவி நோடிலிருந்து சிக்னலைக் கீழே கொண்டுபோகும் ஹிஸ் கற்றைக்கு ஹெச், கீழறைக்கு வி. ஹெச் ஒரு சின்னக் கீறல் மாதிரிதான் இருக்கும். கூடுதல் துடிப்பு ஒன்றை 10 மில்லிசெகண்ட் 10 மில்லிசெகண்டாக முன்னே தள்ளிக்கொண்டே வந்தார்கள். ஏ-க்கும் ஹெச்-க்கும் இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. திடீரென்று ஒரே தாவல். "ஜம்ப்" என்றார் யாரோ. என் ஏவி நோடில் வேகமானது, மெதுவானது என்று இரண்டு பாதைகள். வேகமான பாதை இன்னும் தயாராகாததால் சிக்னல் மெதுவான பாதையில் இறங்கியிருக்கிறது. அடுத்த தாவலில் வேகமான பாதை வழியே மேலே திரும்பி வந்து சுற்றத் தொடங்கியது. எனக்கோ பழகிய அதே படபடப்பு!

சுழற்சியை அறுக்க மெதுவான பாதையைக் கதீட்டர் நுனியால் சுடுகிறார்கள். அப்படிச் சுடும்போது நோடு எரிச்சலில் தானாகச் சில துடிப்புகள் போடும். டாக்டர்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். பக்கத்திலேயே நல்ல பாதையான வேகமான பாதையும் இருக்கிறது, அது பாதிக்கப்பட்டால் இதயத்தைத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் கருவி வைக்க நேரலாம். இதை எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். நூற்றில் ஒருவருக்கு நேரலாம் என்ற அளவுக்கு. அடிக்கடி வந்த தொல்லைக்கு அந்த ரிஸ்க் பரவாயில்லை என்று பட்டது.

முடிந்ததும் பல மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். உண்மையில் அதுதான் கஷ்டம். இப்போதும் எப்போதாவது ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வருகிறது. சுற்றுவதற்குப் பாதை இல்லாததால் அதோடு நின்றுவிடுகிறது.