காசில் ஃப்ரோமில் தீர்ந்த பொருத்தனை

எங்கள் பாப்பா 29ஆவது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் கிடந்த நாட்களில் பாளையங்கோட்டையிலிருந்து அம்மா ஒரு பொருத்தனை பண்ணினாள். முந்தின கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்பிய தபால் அட்டை ஒன்றை வேதப்புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். அதில் ஆண்டவர் ஞானஸ்நானம் எடுக்கும் கோலத்தைச் செதுக்கிய, ஞானஸ்நானம் கொடுக்கிற ஒரு கல்தொட்டி. பிள்ளை பிழைத்தால் அந்தத் தொட்டியடிக்கே கொண்டுபோய்க் காணிக்கை போடுவதாக ஜெபித்துவிட்டாள். அது எங்கே இருக்கிறது, எப்படிப் போவது என்றெல்லாம் கேட்கவில்லை. அதெல்லாம் என் பாடு!

தொட்டி இருப்பது காசில் ஃப்ரோமில், இங்கிலாந்தின் ஹியர்ஃபர்ட்ஷயரில் ஒரு குக்கிராமம். அம்மா ஊரிலிருந்து வந்ததும் பர்மிங்ஹாமிலிருந்து லெட்பரி வரை ரயில் ஏறிப் போய்விட்டோம். அங்கே ஒரு டாக்சிக்காரர், காத்திருக்க வேண்டும் என்றதும் கட்டணத்தை இரண்டு மடங்காக்கினார். “வேளாங்கண்ணியில மெழுகுவத்தி விக்கிறவன் தேவல” என்றாள் அம்மா. அவருக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

ஆளரவமே இல்லாத கோயில் என்று நினைத்துப் போனால், புனித மிக்கேல் கோயிலுக்குள் ஒரு வேன் நிறையக் கூட்டம். டார்ச் அடித்து அடித்துத் தொட்டியைப் படம் பிடிக்கிறார்கள். பிள்ளையின் தள்ளுவண்டி படத்தில் விழுகிறதாம், தள்ளி நிற்கச் சொன்னார்கள். பொருத்தனைக்கு வந்தவர்கள் ஓரமாய் நிற்க, பின்னல் வேலைப்பாட்டுக்கு மட்டும் அரைமணி நேரம் பிரசங்கம். பேசியதில் தப்பு சொல்ல முடியாது. 12ஆம் நூற்றாண்டு வேலை, இதே வட்டாரத்துக் கில்பெக், எர்டிஸ்லி கோயில்களில் செதுக்கிய அதே சிற்பி மரபு. ஆனால் ஒருவராவது முழங்கால் போட்டதாகத் தெரியவில்லை.

அவர்கள் போனதும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போனாள். கழற்ற வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

யோர்தான் தண்ணீர் வட்டம் வட்டமாய் அலையடிக்கிறது, கல்லில். உள்ளே மீன்கள். நடுவில் ஆண்டவர், இவ்வளவு சின்னதாக, யோவான் ஸ்நானன் பக்கத்தில் ஒரு பிள்ளையைப் போல. மேலே பிதாவின் கரம், புறா. சுற்றிலும் சிங்கம், காளை, கழுகு, சிறகுள்ள மனிதன். அம்மா அந்த அலைக்கோடுகளை விரலால் வெளியிலிருந்து உள்ளே தடவிக்கொண்டே போய், ஆண்டவரின் காலடியில் நிறுத்தினாள். கல் குளிர்ந்து ஈரம் கோத்திருந்தது. அந்த ஈரத்தை எடுத்துப் பாப்பாவின் நெற்றியில் தடவினாள். பாப்பா சும்மா இருப்பாளா, குனிந்து மீனை ஓர் அடி அடித்தாள்! அந்தக் கைதான் ஒரு நாள் என் சுண்டுவிரல் நகத்தளவு இருந்தது. எனக்கு அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. என் மனைவி “அத்தை, அத்தை” என்று அழுதது மட்டும் காதில் விழுந்தது. ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்.

1645இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் கொண்டுவந்த வழிபாட்டு ஒழுங்கு, பழைய காலத்தில் மூடத்தனமாகத் தொட்டி வைத்த இடங்களில் ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது என்றது. தேசமெங்கும் எத்தனையோ தொட்டிகள் வெளியே எறியப்பட்டன. இது தப்பியிருக்கிறது. எங்கள் பிள்ளைக்காகவே தப்பியது என்று அம்மா அடித்துச் சொல்கிறாள். நான் மறுக்கப் போவதில்லை.

காணிக்கைக் கவரில் இருந்தது இந்திய ரூபாய். “பாதிரி ஐயர் மாத்திக்கிடுவாரு” என்று பெட்டிக்குள் போட்டாள். நான் இன்னொரு பக்கம் பவுண்டு போட்டு வைத்தேன்.

டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். வாசல் வரை வந்த அம்மா திரும்பவும் உள்ளே போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள். தொட்டியின் அடியில் குப்புறக் கிடந்து அதைச் சுமக்கிற உருவங்கள் உண்டு. அதில் ஒருவனின் முதுகைத் தடவினாள்.

“பாவம், எத்தன வருசமா தூக்கிட்டுக் கெடக்கான். செத்த இரு, வாரேன்.”