வலையின் உயரம்

கரப்பந்தாட்டத்தில் ஆண்களுக்கான வலை 2.43 மீற்றர், பெண்களுக்கானது 2.24 மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். இலங்கையின் மலையகத்தில் நான் படித்த கல்லூரியின் மைதானத்தில் மாலை ஐந்து மணிக்குப் பின் இந்த அளவுகளை எவரும் பார்த்ததில்லை. கம்பத்தில் முடிச்சு எங்கே நின்றதோ அதுவே உயரம். வலை விடயத்தில் இருந்த தாராளம் ஆட்கள் விடயத்தில் எங்களுக்கு இருக்கவில்லை.

வகுப்புத் தோழன் ஒருவன் இரண்டு வருடங்களும் புள்ளி குறிப்பவனாகவே இருந்தான். பந்து சரிவில் உருண்டு தேயிலைக்குள் போனால் அவன்தான் இறங்குவான். ஏறி வந்து, காலில் ஒட்டிய அட்டைகளைச் சவர்க்காரத் துண்டால் தேய்த்து விழுத்திவிட்டு, மறுபடியும் கொப்பியை எடுத்துக்கொள்வான். அவனுக்கு ஆடத் தெரியாது என்றே நினைத்திருந்தேன். தன் தோட்டத்து அணியில் நன்றாக சேர்விஸ் போட்டவன் என்பதும், கல்லூரிக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒருவன் அவனுடைய நடையை நடித்துக் காட்ட மைதானமே சிரித்ததால் ஒதுங்கிக்கொண்டான் என்பதும், தான் ஆண்களை விரும்புபவன் என்று அவனே என்னிடம் சொன்ன நாளில்தான் தெரிந்தன. சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

இதைப் பேசினால் சட்டத்தைக் காட்டி வாயை அடைப்பவர்கள் உண்டு. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில், ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்கப் பயன்படும் 365, 365அ பிரிவுகள் இருக்கின்றன. அவற்றைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அதனால் மட்டும் சட்டம் மாறிவிடவில்லை. ஆனால் ஒருவனைப் பந்தாட அழைப்பதை எந்தப் பிரிவும் தடுக்கவில்லை. அந்தப் பிரிவுகள் செய்வது வேறு: கேலி செய்யப்பட்டவன் முறையிடப் போனால் தன்னைத்தானே காட்டிக்கொடுக்க நேரும் என்ற அச்சத்தை அவை உயிரோடு வைத்திருக்கின்றன.

2006இல் டோஹா ஆசிய விளையாட்டில் தமிழ்நாட்டு ஓட்ட வீராங்கனை சாந்தி சௌந்தரராஜன் வென்ற 800 மீற்றர் வெள்ளிப் பதக்கம் பாலினச் சோதனையின் பேரில் பறிக்கப்பட்டது. பதக்கம் உள்ள இடத்து வழக்குகள் சிக்கலானவை. எங்கள் மாலை ஆட்டத்திலோ தோற்ற அணி தேநீர் வாங்கித் தருவதோடு சரி. அதற்கு எவருடைய உடலையும் ஆராய வேண்டியதில்லை.

இப்போது அதே மைதானத்தில் மாணவர்களோடு நிற்கிறேன். தலைவர்கள் ஆள் பொறுக்கும் வழக்கத்தை நிறுத்தி, சீட்டெடுத்து அணி பிரிக்கிறோம். கடைசி வரை எவரும் பொறுக்கப்படாமல் நிற்பதில்லை. உடை மாற்றத் தனியாக ஓர் இடம் கேட்டிருந்தார்கள். பந்துகள் வைக்கும் அறையையே ஒதுக்கி, உள்ளே கொண்டி போடச் சொல்லியிருக்கிறேன். தச்சர் செவ்வாய்க்கிழமை வருகிறார்.