பெரிய கேட், சின்ன கேட், உறைபனி மண்

கேட் போடப்போகிறேன் என்று யார் வந்தாலும் முதலில் கைப்பேசியை நீட்டி ஒரு படத்தைக் காட்டுவார்கள். வளைந்த தலை, கூர்முனைக் கம்பிகள், நடுவில் வீட்டின் பெயர் வெட்டிய தகடு. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நான் கேட்பது வேறு. உங்கள் மண் எப்படிப்பட்டது? மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? குளிர்காலத்தில் பனியை எந்தப் பக்கம் ஒதுக்குகிறீர்கள்? இந்த மூன்றும் தெரியாமல் படத்தைப் பார்த்துப் பயனில்லை. வெல்டிங் என் தொழில். ஆனாலும் மண் உறையும் நாட்டுப்புறத்தில் கேட் வேலை என்பது பாதிக்கு மேல் குழி வேலை. அதை வாய்விட்டு ஒப்புக்கொள்வதில் எந்த வெல்டருக்கும் சற்றுக் கசப்பு உண்டு.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய ஒன்பது சதவீதம் விரிவடையும் என்று பள்ளியில் படித்திருப்போம். குளிர்காலத்தில் மண் உறைந்து கேட் தூண் மேலே எழும்புவதற்கு அதுதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். மண்ணில் ஏற்கெனவே இருக்கும் ஈரம் மட்டும் உறைந்தால், தூண் அவ்வளவு எழும்ப முடியாது. ஸ்டீபன் டேபர் என்ற அமெரிக்க நிலவியலாளர் 1930-ஐ ஒட்டி வெளியிட்ட ஆய்வுகளில் இதைச் சோதித்துக் காட்டினார். தண்ணீருக்குப் பதிலாக பென்சீனை மண்ணில் ஊறவைத்து உறையச் செய்தார். பென்சீன் உறையும்போது சுருங்குகிற திரவம். அப்படியும் மண் மேலே எழும்பியது. உறைகிற அடுக்கு, கீழே உறையாமல் இருக்கும் ஈரத்தை விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல மேலே இழுத்துக்கொள்கிறது. வந்த ஈரம் மெல்லிய ஐஸ் தகடாகப் படிகிறது. குளிர் நீடிக்க நீடிக்கத் தகடு தடிக்கிறது. அதன் மேலே உள்ள எல்லாம் எழும்புகிறது.

அதனால்தான் மண்ணைக் கேட்கிறேன். மிக மோசமானது வண்டல். அதன் துளைகள் ஈரத்தை இழுக்கும் அளவுக்கு நுண்ணியவை, ஈரம் ஓடும் அளவுக்குத் திறந்தவை. களிமண் பலமாக இழுக்கும், ஆனால் மெதுவாக. கரடு மணலும் சரளையும் இழுப்பதே இல்லை. இழுக்கிற மண், எட்டும் தூரத்தில் தண்ணீர், நீடித்த குளிர் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் தூண் எழும்பும். குளிரை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. மண்ணை மாற்றலாம், தண்ணீரைத் திருப்பிவிடலாம். கேட்டுக்கு மேலே சரிவிலிருந்து தண்ணீர் வந்து தூணடியில் தேங்குகிற இடமாக இருந்தால், தூணுக்குச் செலவழிப்பதற்கு முன்னால் ஒரு வாய்க்கால் வெட்டுங்கள்.

எவ்வளவு ஆழம் தோண்டுவது? குளிர்ப் பகுதிகளில் கட்டட விதிகள் ஓர் உறைபனி ஆழத்தை, அதாவது மண் எவ்வளவு ஆழம்வரை உறையும் என்பதைச் சொல்லும். நான்கு அடி என்பது சாதாரணம், கடுங்குளிர்ப் பகுதிகளில் ஆறு அடியைத் தாண்டும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு நேராகக் குழி தோண்டுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். பனி ஒரு நல்ல போர்வை. புல்வெளியின் மேல் இரண்டடிப் பனி கிடந்தால் அதன் கீழே மண் அதிகம் உறைவதில்லை. வண்டிப்பாதையிலோ நாம் ஒவ்வொரு பனிப்பொழிவுக்கும் அந்தப் போர்வையை வழித்து எறிகிறோம். வேலிக்கால் பனிக்கு அடியில் கதகதப்பாக நிற்க, இரண்டு கேட் தூண்களும் வழித்துத் துடைத்த வெறும் தரையின் ஓரத்தில் நிற்கின்றன. அந்த மனையிலேயே மண் மிக ஆழமாக உறையும் இடம் அதுதான். அதனால் விதி சொல்லும் ஆழத்துக்குக் கீழே இன்னும் ஓர் அடி போகச் சொல்வேன். குழி தோண்டுகிறவர் முகம் சுளிப்பார். பரவாயில்லை. அதற்கு முன்பே நிலத்தடியில் மின்கம்பி, குழாய் எதுவும் போகிறதா என்று உரிய அலுவலகத்தில் கேட்டு அடையாளமிட்டுக்கொள்ள வேண்டும்; வீட்டுக்கு வரும் இணைப்புகள் பெரும்பாலும் வண்டிப்பாதையை ஒட்டியே வரும்.

ஆழம் மட்டும் போதாது. உறைந்த மண் கான்கிரீட்டின் பக்கங்களை இறுகப் பிடித்துக்கொண்டு, தான் எழும்பும்போது அதையும் சேர்த்துத் தூக்கும். அடிப்பகுதி உறையாத மண்ணில் இருந்தாலும் இது நடக்கும். எனவே பக்கங்கள் வழவழப்பாக இருக்க வேண்டும், அடி அகன்றிருக்க வேண்டும். அட்டைக்குழாய் அச்சை இறக்கி அதற்குள் வார்ப்பது நல்ல வழக்கம். அச்சைச் சுற்றி வெளிப்புறம் சரளை போட்டு இடித்துவிட்டால் ஈரமும் நிற்காது, பிடியும் தளரும். குழியின் அடியை மணி வடிவில் அகலமாக்கினால் மேலே இழுக்கிற விசைக்கு எதிராக அது கொக்கியாக நிற்கும். செய்யக்கூடாதது, குழியின் வாயருகே கான்கிரீட் வழிந்து காளான் குடைபோல் பரவ விடுவது. உறைபனிக்குக் கைப்பிடி செய்து கொடுப்பதற்கு அது சமம். திருகாணி போன்ற இரும்புக் கடைக்கால்களை இயந்திரத்தால் மண்ணில் திருகி இறக்கும் முறையும் இருக்கிறது. கல் இல்லாத மண்ணில் அது எனக்குப் பிடித்த முறை: குழி இல்லை, வார்ப்பு இல்லை, அன்றைக்கே தூண் நிற்கும்.

வார்ப்பதாக இருந்தால் கோடையின் கடைசியில் முடித்துவிடுங்கள். உறைந்த மண்ணின் மேல் கான்கிரீட் ஊற்றவே கூடாது. காற்று ஐந்து டிகிரிக்குக் கீழே இறங்கினாலும் மூடிக் காப்பாற்ற வேண்டியிருக்கும். வார்த்த மறுநாளே கேட்டை மாட்ட அவசரப்படுகிறவர்களோடு நான் வாதாடுவதில்லை. கேட்டைப் பட்டறையிலேயே வைத்துக்கொண்டு, துத்தநாகப் பூச்சுக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

இனி இரும்பு. பதினாறு அடி நீளம், நூற்றைம்பது கிலோ எடை உள்ள ஒற்றைக் கதவு என்று வைத்துக்கொள்வோம். எடை நடுவில், அதாவது எட்டடி தூரத்தில் தொங்குகிறது. மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடைவெளி நான்கு அடி என்றால், மேல் கீல் தூணை முந்நூறு கிலோ விசையோடு பக்கவாட்டில் இழுக்கிறது. கீழ்க் கீல் அதே விசையோடு தள்ளுகிறது. இரவும் பகலும், காற்றோ பனியோ இல்லாத நாளிலும் இதுதான் கணக்கு. கீல்களின் இடைவெளியைக் கூட்டினால் இழுப்பு குறையும். இதைப் புரிந்துகொண்டவர்கள் அழகுக்காக மட்டும் கேட்டைத் தாழ்வாகச் செய்யச் சொல்வதில்லை. அகலமான பாதைக்கு இரண்டு கதவாகப் பிரித்துவிடுவது தூண்களுக்கு நல்லது. ஆனால் நடுவில் தரையில் இறங்கும் தாழ்க்கோலின் துளை குளிர்காலம் முழுவதும் ஐஸ் அடைத்துக்கொண்டு கிடக்கும். நான் ஒற்றைக் கதவின் கட்சி.

கதவின் அடியில் எட்டு அங்குலமாவது இடைவெளி விடுங்கள். பாதை உள்பக்கமாக மேடேறினால் இன்னும் கூட வேண்டும். வெறும் தரையில் அளந்தால் போதாது, மிதிபட்டு இறுகிய பனிக்கும் இடம் விட வேண்டும். நாய் நுழைகிறது என்றால் அடியில் ரப்பர் பட்டையைத் தொங்கவிடலாம். அது பனியில் மடங்கிக்கொடுக்கும். தரையில் தண்டவாளம் பதித்த தள்ளு கேட் இந்தப் பக்கங்களுக்கு ஆகாது: தண்டவாளத்தில் தண்ணீர் தேங்கி உறைந்தால் கதை முடிந்தது. தள்ளு கேட்தான் வேண்டும் என்றால் தரையைத் தொடாமல் உருளைகளில் தொங்குவதைப் பாருங்கள். எதிர் எடைக்காகக் கதவு வழியின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் இருக்கும். அத்தனை நீளத்துக்கும் வேலியோரம் பனியை வழித்துவைக்க ஆள் வேண்டும்.

பலகை அடைத்த கேட் கேட்கிறவர்களிடம் காற்றைப் பற்றிப் பேசுவேன், பிறகு பனிக்குவியலைப் பற்றி. பாதி அடைப்பும் பாதி இடைவெளியுமாக இருக்கும் தட்டி வேலி, காற்றோடு வரும் பனியைத் தன் பின்னால் கொட்டவைக்கும். நெடுஞ்சாலைகளைப் பாதுகாக்கப் பனி வேலி கட்டுவதே இந்த உத்தியில்தான். நிரம்பிய குவியல் வேலியின் உயரத்தைப்போல் முப்பது மடங்கு தூரத்துக்கும் மேல் நீளக்கூடும். ஐந்தடி உயரத்தில், இடைவெளி விட்டு அழகான பலகை கேட் போட்டால், நம் பாதையை நாமே மூடிக்கொண்டதாக ஆகலாம். கிடைமட்டக் குழாய்கள் ஐந்தோ ஆறோ உள்ள சாதாரணப் பண்ணை கேட்டில் பனி நிற்காமல் கடந்துபோகும். படத்தில் எடுப்பாக இருக்காதுதான்.

குழாய்க்குள் தண்ணீர் புகுந்து உறைந்தால் சதுரக் குழாய் நெடுக்கே வெடிக்கும். தூணின் தலையை மூடுங்கள், அடியில் வடிகால் துளை விடுங்கள். சூடான துத்தநாகத்தில் முக்குவதாக இருந்தால் எப்படியும் துளை போட்டே ஆக வேண்டும். 450 டிகிரி உருகலில் அடைபட்ட குழாயை இறக்கினால் உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் வெடித்துவிடும். நான் அந்தத் துளைகளைக் கீழ்ப்பக்கமாகவே திட்டமிட்டு வைப்பேன். துத்தநாகத் தொட்டியில் அது காற்றுவழி, வீட்டு வாசலில் வடிகால். சாலையில் உப்பு தூவும் பகுதி என்றால் வெறும் பெயின்ட்டை நம்பாதீர்கள்.

குளிரில் இரும்பு சுருங்குவதால் தாழ்ப்பாள் சேராமல் போகிறது என்று அடிக்கடி கேட்கிறேன். பதினாறு அடி இரும்பு, கோடையின் முப்பத்தைந்து டிகிரியிலிருந்து குளிர்காலத்தின் மைனஸ் முப்பத்தைந்துக்குப் போனால் நான்கு மில்லிமீட்டர் சுருங்கும். அவ்வளவுதான். தாழ்ப்பாள் ஓர் அங்குலம் தள்ளி நின்றால் அது தூணின் வேலை. தூண் அசையவே அசையாது என்று எந்த மண்ணிலும் என்னால் எழுதித் தர முடியாது. அதனால் கீல்கள் மரையில் திருகி நீட்டிக் குறைக்கக்கூடியவையாக இருக்கட்டும். தாழ்ப்பாளில் மேலும் கீழும் விளையாட இடம் இருக்கட்டும். தூணில் பிளவுத் தகடு, கேட்டில் ஒரு சங்கிலி என்ற பழைய ஏற்பாட்டை அழகில்லை என்று பலர் ஒதுக்குகிறார்கள். எத்தனை கோணினாலும் பூட்ட முடிவது அதில்தான்.

ஆள் நடந்துபோகும் சின்ன கேட்டுக்கு வருகிறேன். எல்லோரும் கடைசியில் நினைப்பது, மீந்த இரும்பில் செய்வது. இரவெல்லாம் பனி கொட்டிய காலையில் பெரிய கேட் வெறும் சுவர். பனி ஒதுக்கும் வண்டி வரும்வரை அது திறக்காது. தபால் எடுக்க, கால்நடையைப் பார்க்க, பெரிய கேட்டின் முன்னால் பனியை வெட்டுவதற்கே கூட, சின்ன கேட்டின் வழியாகத்தான் போக வேண்டும். ஆக அதை முதலில் வரையுங்கள்.

பனி ஒதுக்கும் வண்டி பனியைத் தள்ளிவிடும் பக்கத்தில் அதை வைக்காதீர்கள். இது சொல்லத் தேவையில்லாததுபோலத் தோன்றும். ஆனால் வீட்டுப் படிக்கு அருகே இருக்கிறது என்பதற்காக அந்தப் பக்கத்தையே தேர்ந்து, ஒவ்வொரு புயலுக்கும் ஆளுயரப் பனிமேட்டை வெட்டுகிறவர்களைத் தெரியும். அகலம் நான்கு அடி வேண்டும். பனி வாரி எறியும் இயந்திரங்கள் இரண்டு முதல் இரண்டரை அடி அகலம். அது நுழையாத வழியை மண்வாரியால்தான் திறக்க வேண்டும். இரண்டு பக்கமும் திறக்கிற கதவாகச் செய்தால் எந்தப் பக்கம் பனி குறைவோ அந்தப் பக்கம் தள்ளிக்கொள்ளலாம். தானாக மூடும் வில் கீல் வேண்டாம்: கோடையில் சரியாக மூடும், பனி கிடந்தால் பாதியில் நின்றுவிடும்.

சின்ன கேட்தானே என்று இரண்டடிக் குழியில் மெல்லிய தூணை நட்டுவிடுவது பரவலான வழக்கம். மேலே எடை குறைந்த தூணை உறைபனி இன்னும் சுலபமாகத் தூக்கும். ஒரு பக்கம் பெரிய கேட்டின் ஆழமான தூண், மறுபக்கம் இந்தச் சின்னத் தூண் என்றால் ஒன்று நிற்கும், மற்றது எழும்பும். இடையில் கதவு மாட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் ஒரே ஆழம் தோண்டுங்கள்.

தாழ்ப்பாளைத் தடித்த கையுறையோடு முயன்று பார்த்து வாங்குங்கள். விரல் நுனியால் நெம்புகிற எதுவும் வேண்டாம். உள்ளங்கையால் தட்டினால் எழும்பும் புவியீர்ப்புத் தாழ் சிறந்தது; கைபிடிக்கும் இடத்தில் ரப்பர் குழாயைச் செருகிவிடுங்கள், கடுங்குளிரில் ஈரக்கை வெறும் இரும்பில் ஒட்டிக்கொள்ளும். பூட்டுக்குக் கெட்டி எண்ணெய் போடாதீர்கள், கிராஃபைட் தூள் போடுங்கள். உறைந்த பூட்டில் வெந்நீர் ஊற்றுவது அப்போதைக்குத் திறக்கும், அடுத்த முறை இன்னும் இறுகும். மாடும் குதிரையும் மட்டும்தான் கவலை, பூட்டத் தேவையில்லை என்றால், நான் சொல்வது கேட் என்பதே வேண்டாம். ஆள் உடலைத் திருப்பி நுழையும்படி, மாடு வளைய முடியாதபடி, தூண்களைக் கோணலாக நட்டு ஓர் இடைவெளி. அதில் உறைவதற்கு எதுவும் இல்லை. இதைச் சொல்வதால் எனக்கு வேலை குறைகிறது என்பது தெரிந்தே சொல்கிறேன்.

கேட்டைத் திறந்து மூடும் மோட்டாரைப் பற்றிச் சுருக்கமாக. ஈயப் பேட்டரி மைனஸ் பதினெட்டு டிகிரியில் ஏறக்குறைய பாதித் திறனுக்கு இறங்கிவிடும். தீர்ந்துபோன நிலையில் விட்டால் உள்ளே உறைந்து வெடிக்கும். லித்தியம் வகையைச் சுழியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது, வெப்பமூட்டி உள்ளதாக இருந்தால் தவிர. சூரியத் தகட்டை ஏறக்குறைய நெட்டுக்குத்தாக நிறுத்தினால் பனி தங்காது, தாழ்ந்த வெயிலும் நேராக விழும். கதவு பனியில் முட்டினால் தடை என்று எண்ணி மோட்டார் கதவைத் திருப்பிவிடும். அது பழுது இல்லை, அதன் குணம். கையால் விடுவிக்கும் சாவியை வீட்டில் எல்லோரும் ஒரு முறை பயன்படுத்திப் பார்த்திருக்க வேண்டும்.

முதல் பனிக்கு முன் தூண்களின் பக்கத்தில் உயரமான ஒளிர்கோல்களை நடுங்கள். பனி ஒதுக்குகிறவருக்குப் புதைந்த தூண் தெரியாது. இளவேனிலில் கேட் கோணியிருப்பதைக் கண்டதும் கீலைத் திருக ஓடாதீர்கள். மண் மேலிருந்து இளகுகிறது, ஆழத்தில் ஐஸ் இன்னும் இருக்கும், தூண் இறங்கிக்கொண்டே இருக்கும். மண் முழுவதும் இளகிக் காய்ந்த பிறகு மட்டப்பலகையை எடுத்துக்கொண்டு போங்கள்.