நரி முகத்தில் முழித்த மாமனார்

நெல்லுக்கான சாமி என்று சொன்னதுதான் தாமதம், ஆயுசு முழுக்க நெல் மண்டி நடத்திய மாமனார் விடியற்காலையிலேயே கிளம்பித் தயாராகிவிட்டார்.

ஜப்பானின் கியோட்டோ ஸ்டேஷனில் ரயிலேறி இனாரி ஸ்டேஷனில் இறங்கினால் எதிரிலேயே ஃபுஷிமி இனாரி கோயில். 711-ல் தோன்றியது, முன்வாசல் 1589-ல் அப்போது ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி கட்டியது என்று நான் படித்து வந்ததையெல்லாம் ஒப்பித்தேன். மாமா காதிலேயே வாங்கவில்லை. பார்வை முழுக்க நரிச் சிலைகள் மேல். நெல் சாமியான இனாரிக்கு அவைதான் தூதர்கள். ஒரு நரி வாயில் சாவியைக் கவ்விக்கொண்டிருந்தது. நெல் களஞ்சியத்துச் சாவி.

"வாட்ச்மேன்கிட்ட சாவி குடுக்கவே நான் யோசிப்பேன், இவங்க நரிகிட்ட குடுத்திருக்காங்களே மாப்ள!" என்றவர், உடனே முகம் மலர்ந்து, "நம்மூர்ல ஒரு நரி முகத்துல முழிச்சாலே யோகம்பாங்க. இங்க எத்தனை பாருங்க" என்றார்.

மலைப் பாதை நெடுக டோரி எனும் செந்நிறத் தோரணங்கள், சுமார் 10,000. ஏறும்போது வெறும் சிவப்புதான். திரும்பிப் பார்த்தால் தூண் முழுக்கக் கறுப்பு எழுத்து: கொடுத்த கம்பெனி பெயர், தேதி. விளைச்சல் சாமி காலப்போக்கில் வியாபாரிகளுக்கும் சாமியாகிவிட்டதன் விளைவு. நம்மூர் டியூப்லைட் உபயம் போலத்தான், இங்கே வெளிச்சத்தை மறைக்கவில்லை, அவ்வளவே. சின்னத் தோரணத்துக்கே லட்சக்கணக்கில் யென். மரம் உளுத்துப்போனால் மாற்ற வேண்டும். "அப்ப வருமானம் நிக்கவே நிக்காது" என்று மாமா மெச்சிக்கொண்டார்.

கொஞ்சம் மேலே ஒமொகாரு கல். கல்விளக்கின் தலையில் உருண்டையாக உட்கார்ந்திருக்கும். வேண்டிக்கொண்டு தூக்க வேண்டும். நினைத்ததைவிட லேசாக இருந்தால் வேண்டுதல் பலிக்கும், கனத்தால் கஷ்டம்தான்.

மாமா கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்றார். தூக்கினார். "பஞ்சு மாதிரி இருக்கு!"

"எவ்வளவு கனம்னு நினைச்சீங்க?" என்றார் அத்தை.

"75 கிலோ மூட்டைன்னு."

"ஏங்க, எடையில தில்லுமுல்லு சாமிகிட்டயுமா?"

பின்னால் வரிசையில் நின்ற ஜப்பானியர்களுக்குத் தமிழ் தெரியாதது எங்கள் குடும்ப கௌரவத்துக்கு நல்லதாகப் போயிற்று. உச்சி வரை போகலாமா என்று கேட்டேன், 233 மீட்டர்தான். மாமா விறுவிறுவென்று கீழே இறங்கிவிட்டார். பொரித்த டோஃபு (சோயா பனீர்) பைக்குள் சோறு அடைத்த இனாரி சூஷி, நரிக்குப் பிடித்ததாம். அதில் ஒரு தட்டைக் காலி செய்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அந்தக் கல்லு நிஜமா எத்தனை கிலோ இருக்கும் மாப்ள?"