ஃபைனான்ஸ் எடுக்கப் போகும் அக்கா மகனுக்கு

அக்கா மகன் கோவையில் எம்.பி.ஏ. முதல் வருடம் முடிக்கிறான். மூன்றாம் செமஸ்டருக்கு எலெக்டிவ் பேப்பர்களைக் குறித்துக் கொடுக்க வேண்டும். போன ஞாயிறு வீட்டுக்கு வந்தவன், "சித்தி, ஃபைனான்ஸ்தான்னு முடிவு பண்ணிட்டேன். கூட இன்னொண்ணு எடுக்கணும். எச்.ஆர். ஈஸின்னு சொல்றாங்க, எடுக்கவா?" என்று கேட்டான்.

நானும் அதே காரணத்துக்காக அதே ஜோடியைத்தான் எடுத்தேன். படித்து முடித்த நாளிலிருந்து வங்கியில் சிறுதொழில் கடன் பார்க்கிறேன். அவனை உட்கார வைத்து இரண்டு மணி நேரம் பேசினேன்.

2011. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனி, சி.சி. லிமிட்டை, அதாவது அன்றாடச் செலவுக்கு வங்கியில் எடுத்துத் திருப்பிக் கட்டும் கேஷ் கிரெடிட் கடனின் வரம்பை, கூட்டித் தரச் சொல்லிக் கேட்டிருந்தது. விற்பனை 6 கோடியிலிருந்து 8 கோடி. லாபம் 42 லட்சம். கொடுக்கலாம் என்று எழுதி மேனேஜர் மேசையில் வைத்தேன். அவர் பேலன்ஸ் ஷீட்டைத் திருப்பி, பென்சிலால் ஒரே ஒரு வரியை வட்டமிட்டார். சண்டிரி டெப்டார்ஸ், அதாவது சரக்கு வாங்கியவர்கள் இன்னும் தர வேண்டிய பணம். 90 லட்சமாக இருந்தது 2 கோடியே 10 லட்சம் ஆகியிருந்தது. "42 லட்சம் லாபம்னா அந்தக் காசு எங்கம்மா இருக்கு?" என்றார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆப்ஷன் விலை போடும் பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தைப் பரீட்சையில் பிழையில்லாமல் எழுதியவள் நான். ஆனால் 55 நாளில் வந்துகொண்டிருந்த பணம் இப்போது 96 நாள் இழுக்கிறது, வெளியே கூடுதலாக நிற்கும் 1 கோடியே 20 லட்சம் லாபத்தை விழுங்கிவிட்டு சி.சி. கணக்கிலும் கை வைத்திருக்கிறது என்பதை அவர்தான் ஒரு தாளில் போட்டுக் காட்டினார். அந்த வருடம் முழுக்க சி.ஏ. இன்டர் அக்கவுண்ட்ஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு இரவில் படித்தேன். கல்லூரியிலேயே படித்திருக்க வேண்டியது.

அதனால் அவனிடம் சொன்னது இதுதான். வங்கிக் கடன், ரேட்டிங், பங்கு ஆய்வு, கம்பெனியின் பணத்தை நிர்வகிக்கும் ட்ரெஷரி என்று எங்கே போனாலும் முதலில் கையில் கொடுப்பது லாப நட்டக் கணக்கு, பேலன்ஸ் ஷீட், கேஷ் ஃப்ளோ மூன்றையும்தான். நிதி அறிக்கைகளை ஆராயும் பேப்பர், வரி, வங்கியியல் இவற்றை முதலில் பிடி. ஆப்ஷன் மாதிரியான டெரிவேட்டிவ்ஸ் அப்புறம் வரட்டும்.

கூட எடுப்பது நீ எங்கே உட்காரப் போகிறாய் என்பதைப் பொறுத்தது. மியூச்சுவல் ஃபண்ட், வெல்த் மேனேஜ்மென்ட் என்றால் மார்க்கெட்டிங். அங்கே ஆளைப் பிடிப்பதுதான் பாதி வேலை. கடன் திரும்புமா என்று கணிக்கும் ரிஸ்க் வேலை என்றால், தரவுகளை அலசும் அனலிடிக்ஸ். இவன் மெக்கானிக்கல் படித்தவன், மில், ஃபேக்டரி என்றால் முகம் மலர்கிறது. உற்பத்தி, சரக்கு பற்றிய ஆபரேஷன்ஸ் எடு என்றேன். நூல் எத்தனை நாள் குடோனில் கிடக்கிறது, சாயப் பட்டறையிலிருந்து துணி எப்போது திரும்புகிறது என்பதெல்லாம்தான் கடைசியில் வட்டியாக வந்து நிற்கிறது. அது தெரிந்தவன் எழுதும் கடன் பரிந்துரைக் குறிப்பைப் படித்தாலே தெரியும்.

"சி.ஏ. பண்ணியிருக்கலாமோ?" என்று அக்கா இடையில் கேட்டாள். கம்பெனி ஆடிட்டில் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் அது ஒன்றே வழி. வேறு பட்டம் முடித்தவர்கள் 60 சதவீதம் வைத்திருந்தால் ஃபவுண்டேஷன் என்ற முதல் தேர்வை எழுதாமல் நேராக அடுத்த கட்டமான இன்டருக்குப் போகலாம், ஆடிட்டரிடம் பயிற்சி பெறும் ஆர்ட்டிகிள்ஷிப்பும் மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. ஆனால் இவனுக்கு ஆடிட்டில் நாட்டமில்லை. பங்கு ஆய்வில் ஆசை வந்தால் முதலீட்டு ஆய்வுக்கான சி.எஃப்.ஏ. தேர்வின் முதல் லெவலை எழுதிப் பார்க்கட்டும்.

கிளம்பும்போது ஒரு வேலை கொடுத்து அனுப்பினேன். பங்குச் சந்தையில் உள்ள ஏதாவது ஒரு ஜவுளி கம்பெனியின் ஆண்டறிக்கைகளை இறக்கி, ஐந்து வருட லாபத்தையும் தொழிலில் வந்த ரொக்கத்தையும் பக்கத்துப் பக்கத்தில் எழுது என்று. புதன்கிழமை ராத்திரி பத்தரைக்கு போன். "சித்தி, மூணாவது வருஷம் லாபம் ஏறுது, ரொக்கம் மைனஸ்ல போகுது. குடோன் ஸ்டாக்கைப் பாக்கவா, டெப்டார்ஸைப் பாக்கவா?"

"ரெண்டையும் பாருடா" என்றேன். இன்னும் ஃபாரம் கொடுக்கவில்லையாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.