பி.எட். டிரெய்னீ உங்க கிளாசுக்கு வர்றாங்களா? கடைசி பெஞ்சுல போய் உக்காருங்க

என் கிளாசுக்கு டிரெய்னீயா வந்த பொண்ணு, நேத்து சாயங்காலம் பி.எட். ரிசல்ட் வந்ததும் எனக்குத்தான் முதல் போன் போட்டா. "மேடம், பாஸ், பிராக்டிகல்லயும் நல்ல மார்க்"னு சொல்லிட்டு அழுதுட்டா, எனக்கும் தொண்டை அடைச்சுடுச்சு. ஏன்னா அந்தப் பொண்ணோட முதல் மூணு வாரத்த கெடுத்தது நான்தான். இந்த வருஷம் கைடு டீச்சரா, அதாவது டிரெய்னீய கூட இருந்து பாத்துக்கற ஸ்கூல் டீச்சரா, இருக்கப் போறவங்க அதே தப்ப பண்ணக்கூடாது.

நான் மயிலாப்பூர் பக்கம் ஒரு ஸ்கூல்ல மேத்ஸ் எடுக்கறேன். அவ பெரம்பூர்லேர்ந்து 29சி பஸ் பிடிச்சு வருவா, அந்தக் கூட்டத்துல சார்ட் கசங்காம கொண்டு வர்றதே பெரிய வேலை. நான் படிச்சப்ப பி.எட். ஒரு வருஷம், 40 நாள் டீச்சிங் பிராக்டிஸ். 2015லேர்ந்து ரெண்டு வருஷம் ஆக்கிட்டாங்க, செகண்ட் இயர்ல மட்டும் 16 வாரம் ஸ்கூல்ல இருக்கணும்.

ரெண்டாவது நாள், எட்டாங்கிளாஸ் அல்ஜீப்ரா. போர்டுல ஒரு மைனஸ விட்டுட்டா. ஓரமா நின்னுட்டிருந்த நான் "மைனஸ் எங்கம்மா?"ன்னு சத்தமா கேட்டுட்டேன், பசங்க சிரிச்சாங்க, நான் மறந்தும் போயிட்டேன். மறுநாள் ஒரு பையன் அவ குடுத்த கணக்க போட்டுட்டு, அவளத் தாண்டி என்கிட்ட வந்து "மிஸ், இது சரியா?"ங்கறான். அதுக்கப்புறம் அவ எத சொன்னாலும் மொத்த கிளாசும் என் முகத்தப் பாக்கும், நான் தலையாட்டினாதான் நோட்டுல எழுதும். ஒருநாள் லெசன் பிளான்ல சைன் வாங்க வந்தவ, "நீங்க இல்லாத பீரியட்ல நல்லா எடுக்கறேன் மேடம்"னு மெதுவா சொன்னா. அன்னிக்கு எனக்கு தூக்கம் வரல.

அடுத்த நாளே கடைசி பெஞ்சுக்கு போயிட்டேன். வாயத் திறக்கறதில்ல. ஒரு நோட்டுல பசங்க உக்காந்திருக்கற வரிசைய கட்டம் போட்டு, அவ யார்கிட்ட கேள்வி கேட்டாலும் அந்தக் கட்டத்துல ஒரு டிக். பீரியட் முடிஞ்சதும் நோட்ட நீட்டினேன், ஒரு வார்த்த சொல்லல. எல்லா டிக்கும் முதல் ரெண்டு பெஞ்சுல, ஜன்னலோர வரிசை முழுக்க காலி. ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தா. மறுநாள் ஜன்னலோரத்துலேர்ந்து ஆரம்பிச்சா!

என்னக் கேட்டா இந்த ஒரு நோட்டு போதும். மத்ததெல்லாம் சின்னச் சின்னது:

- போர்டுல தப்பு வந்தா விடுங்க, பசங்களே கண்டுபிடிப்பாங்க. இல்லன்னா அடுத்த பீரியட் டிரெய்னீயே திருத்தட்டும்.
- ஒரு நாளைக்கு ஒரு திருத்தம்தான், அதுவும் தனியா.
- லெசன் பிளான கிளாசுக்கு முன்னாடி படிச்சுட்டு சைன் போடுங்க. கடைசி வாரம் மொத்தமா போடற சைனால யாருக்கும் பிரயோஜனம் இல்ல.
- லீவு போட்ட டீச்சர் பீரியடுக்கெல்லாம் டிரெய்னீய அனுப்பினா தடுங்க. இதுக்காக நான் சண்டையே போட்டிருக்கேன்.

பிராக்டிகல் அன்னிக்கு, மார்க் போட வெளியிலேர்ந்து வந்த எக்ஸாமினர் முன்னாடி ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர் எடுத்தா. வழக்கம்போல பசங்க ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர்னாங்க. தப்புன்னு சொல்லாம, "சரி, 3ம் 4ம் போட்டுப் பாருங்க"ன்னா. 7 ஸ்கொயர் 49, ஆனா 9ம் 16ம் சேந்தா 25தான். "மீதி 24 எங்க போச்சு?" சார்ட்டுல சதுரத்த நாலா பிரிச்சு, மிச்சம் இருந்த ரெண்டு செவ்வகத்த, ஒவ்வொண்ணும் 12, ஜன்னலோரத்துப் பொண்ண வச்சு கலர் அடிக்க வச்சா. ஒரு தலை கூட என் பக்கம் திரும்பல.

மறக்கறதுக்குள்ள இன்னொண்ணு, டிரெய்னீயோட அட்டெண்டன்ஸ்ல ஹெச்.எம். சைனும் சீலும் கடைசி நாளைக்கு வைக்காதீங்க, அன்னிக்குன்னு பாத்து அவங்க மீட்டிங் போயிடுவாங்க.